கிறிஸ்தவ விரிவுரையாளர்களுக்கான வார இறுதி முகாம்: 6,500 ரூபாய்க்குப் பெறுமதியா?

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்திலும் மற்ற உயர்கல்வி நிறுவனங்களிலும் படிப்பிக்கிற கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு தங்கல் முகாம் நடத்துகிறார்கள். வெள்ளி பின்னேரம் போனால் ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு அனுப்பிவிடுவார்கள். ஆளுக்கு 6,500 ரூபாய். படுக்கை, சாப்பாடு, ஒரு கோவை, ஒரு பேனை எல்லாம் அதற்குள் அடக்கம். நடத்துகிறவர்களின் பெயரையும் இடத்தையும் நான் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் குறைகள் நிறையச் சொல்லப்போகிறேன், அவர்கள் நல்ல மனிதர்கள். இந்த வட்டாரத்தில் இருக்கிறவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று விளங்கிவிடும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டால் யாராவது சொல்லுவார்கள்.

எதிர்பார்ப்பு என்னவென்றால், அழைப்பிதழில் போட்டிருந்ததுதான்: பல்கலைக்கழக ஆசிரியராக இருந்துகொண்டு விசுவாசத்தை எப்படி வாழ்வது. நான் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவன், சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளை, மனைவி கத்தோலிக்கம். பீடத்தில் என்னைப் போல ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். ஒருவரோடு ஒருவர் டீ குடிப்போம், சம்பள உயர்வைப் பற்றிப் பேசுவோம், வேலைநிறுத்தம் எப்போது முடியும் என்று பேசுவோம், இந்த விஷயத்தை மட்டும் பேசுவதேயில்லை. ஆகவே ஒரு வார இறுதி முழுக்க இதைப் பேச இடம் கிடைக்கிறதென்றால் போகத்தான் வேண்டும்.

சுருக்கமாகத் தேவைப்படுகிறவர்களுக்கு: சனி பின்னேர அமர்வு ஒன்றுக்காகவே காசைக் கொடுக்கலாம். மற்ற நேரத்தில் பாதியை வெட்டியிருக்கலாம்.

வெள்ளி இரவை வேகமாகத் தாண்டுகிறேன். பதிவு மேசையில் கழுத்தில் மாட்டுகிற அட்டை தந்தார்கள். அதில் பெயரைவிடப் பெரிய எழுத்தில் பேராசிரியர், கலாநிதி, சிரேஷ்ட விரிவுரையாளர் தரம் ஒன்று, தகுதிகாண் விரிவுரையாளர். ரபீ என்று உங்களை அழைக்க விடாதீர்கள் என்று மத்தேயு 23ல் இயேசு சொன்னதைத் தொடக்க ஜெபத்துக்குப் பிறகு ஒருவர் வாசித்தார், வாசித்தவருடைய அட்டையிலும் சிரேஷ்ட பேராசிரியர் என்றுதான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை, எனக்குத்தான் அடக்க முடியவில்லை. இது இந்த முகாமின் குற்றம் மட்டுமில்லை. எங்கள் ஊரில் கலியாணக் கார்ட்டிலும் கோயில் அறிவித்தல் பலகையிலும் பட்டம் விடுபட்டால் ஒரு குடும்பமே கோபித்துக்கொள்ளும். ஆனால் இப்படியொரு முகாமில் அட்டையில் வெறும் பெயரை மட்டும் போட்டிருந்தால் அதுவே முதல் அமர்வாக இருந்திருக்கும். பிறகு பாட்டு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. கிட்டார் வாசித்த பையன் நல்ல வாசிப்புக்காரன், பாட்டுகளும் நல்லவைதான், ஆனால் காலையில் மூன்று லெக்சர், பின்னேரம் ஆய்வுகூடம் என்று முடித்துவிட்டு நேராக வந்தவர்களை நிற்க வைத்தே அவ்வளவு நேரம் பாட விட்டால் ஜெபத்தில் தூங்கத்தான் செய்வார்கள்.

சனி காலைதான் பெரிய ஏமாற்றம். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பேசினார். நன்றாகப் பேசக்கூடியவர். ஆனால் திரையில் ஓடிய பாடம் முழுக்க அமெரிக்காவில் தயாரித்தது, தமிழில் வாய்மொழியாக விளக்கினார், அவ்வளவுதான். அந்தப் பாடத்தில் வருகிற பேராசிரியருக்கு ஒரே பிரச்சினை: தான் கிறிஸ்தவன் என்று யாருக்கும் தெரியாது, மதத்தைப் பற்றி வாய் திறந்தால் சகாக்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள், அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் சட்டச் சிக்கல் வேறு. ஆகவே எப்படி மெல்லத் தன்னை வெளிப்படுத்துவது, அலுவலக மேசையில் ஒரு வசனம் வைக்கலாமா, முதல் வகுப்பில் அறிமுகம் செய்யும்போது ஒரு வரி சொல்லலாமா என்றெல்லாம் போனது. அங்கே அது உண்மையான சிக்கலாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை.

இங்கே? இங்கே நான் வகுப்புக்குள் கால் வைக்க முன்பே தெரியும். கால அட்டவணையில் பெயரைப் பார்த்த உடனேயே தெரியும். பெயரில் தெரியாவிட்டால் ஊரைக் கேட்டு, பள்ளிக்கூடத்தைக் கேட்டு, அதிலும் பிடிபடாவிட்டால் நேராகவே கேட்டுவிடுவார்கள்: "சேர், நீங்கள் வேதமோ?" வேதக்காரர் என்ற அந்தப் பட்டியலில் நாங்கள் பிறந்ததிலிருந்து இருக்கிறோம். எங்களுடைய சிக்கல் தெரியாமல் இருப்பதில்லை, தெரிந்திருப்பது. நான் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக உதவினால் அதற்கு ஒரு அர்த்தம், உதவாமல் விட்டால் அதற்கு ஒரு அர்த்தம். கன்டீனில் யாரோடு உட்காருகிறேன் என்பதற்கும் அர்த்தம் உண்டு. இதைத்தான் யாராவது பேசியிருக்க வேண்டும்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு இளம் விரிவுரையாளர் இதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். பேச்சாளர், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கிறிஸ்தவப் பார்வை இருக்கிறது, அதைக் கண்டுபிடியுங்கள் என்று பதில் சொன்னார். தத்துவத்துக்கும் வரலாற்றுக்கும் அது சரி வரும். மருத்துவபீடக்காரர்களுக்கு, உயிரின் தொடக்கம், முடிவு என்று வரும்போது கட்டாயம் சரி வரும். நான் நியம விலகலுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியுமா? கணக்கு எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான், அப்படி இருப்பதற்காகவே நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். என் பாடத்தில் விசுவாசத்துக்கு வேலை இருக்கிறதென்றால் அது சூத்திரத்தில் இல்லை. ஆய்வுக்காரர் விரும்பிய முடிவு வரும்வரை தரவை நெரித்துக்கொண்டிருக்கும்போது "இல்லை, இது வரவில்லை" என்று சொல்லும் இடத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பாடத்தில் இன்னொரு பெரிய ஓட்டை, வரலாறே இல்லை. யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு உயர்கல்வியையும் கிறிஸ்தவத்தையும் பற்றி ஒரு காலை முழுக்கப் பேசிவிட்டு வட்டுக்கோட்டை என்ற பெயரை ஒருமுறைகூட உச்சரிக்காமல் இறங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. 1823ல் அமெரிக்க மிஷன் அங்கே செமினரியைத் தொடங்கியது. டானியல் பூவர் முதல் அதிபர். கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம் என்று அந்தக் காலத்துக்குப் பெரிய படிப்பு. வானியல் வகுப்பே பஞ்சாங்கத்தோடும் புராணத்தோடும் வாதாடுகிற மேடையாகவும் இருந்தது. 1855ல் மூடிவிட்டார்கள். படிப்பு மோசம் என்று மூடவில்லை. படித்து முடித்தவர்கள் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அரசாங்க வேலைக்குப் போகிறார்கள், ஊழியத்துக்கு வருகிறார்களில்லை, இதற்காகவா நாங்கள் காசு அனுப்புகிறோம் என்று பொஸ்டனில் இருந்த மிஷன் சங்கம் கணக்குப் பார்த்தது. பிறகு 1872ல்தான் யாழ்ப்பாணக் கல்லூரி என்று அதே இடத்தில் மீண்டும் தொடங்கினார்கள்.

அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். அவர் பின்னாளில் சைவராக வாழ்ந்து, செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளிலிருந்து தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் அச்சுக்குக் கொண்டுவந்தார். மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவலோடு உட்கார்ந்து விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்த ஆறுமுக நாவலர், மிஷன் பள்ளிக்கூடத்தில் கண்ட முறைகளையே எடுத்துக்கொண்டு 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதாவது, படிப்புக் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள் என்ற கோபமும், அந்தப் படிப்பின் பயனும், இரண்டுமே எங்கள் ஊரில் இருநூறு வருஷமாக ஒன்றாகவே இருக்கின்றன. 1974ல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோதுகூட அப்படித்தான்: திருநெல்வேலியில் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்கள், வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதி, இரண்டையும் எடுத்துத்தான் தொடங்கினார்கள். விஞ்ஞானபீடம் முதலில் இயங்கியது வட்டுக்கோட்டையில். வளாகத்தின் முதல் தலைவர் கைலாசபதி, மார்க்சியவாதி. இன்றும் வளாகத்துக்குள் பரமேஸ்வரன் கோயில் மணி அடிக்கிறது, கிறிஸ்தவ நாகரிகமும் ஒரு பாடமாக நடக்கிறது.

இதைத் தெரிந்த ஒரு கிறிஸ்தவ விரிவுரையாளர் வகுப்பில் மதம் பேசாமல் இருந்தால் அதைப் பயம் என்று சொல்லக்கூடாது. அமெரிக்கப் பாடம் அதைப் பயம் என்றுதான் சொல்கிறது. மேடையில் நின்று மதிப்பெண் கையில் வைத்திருக்கிறவன், எதிரே மதிப்பெண் தேவைப்படுகிற பிள்ளைகள், இந்த நிலையில் நான் விசுவாசத்தைப் பேச ஆரம்பித்தால் அது சாட்சியாக அவர்கள் காதில் விழாது. பேரம் போலத்தான் விழும். பேசாமல் இருப்பதும் ஒரு கீழ்ப்படிதல்தான் என்பது என் கருத்து. முகாமில் இதற்குப் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு.

சரி, இனி நல்லது.

சனி மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில், ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் வந்தார். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், ஆகவே பேராசிரியை என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் "மிஸ்"தான். அவருக்கும் அட்டை அச்சடித்து வைத்திருந்தார்கள், மாட்டிக்கொள்ளாமல் மேசையில் வைத்துவிட்டார். திரை வேண்டாம், லைட்டைப் போடுங்கோ என்றார். பையிலிருந்து ஒரு கட்டு ஃபோட்டோக்கொப்பி எடுத்து மேசை மேசையாகக் கொடுத்தார். ஒரு பரீட்சை விடை, கையெழுத்தில், இரண்டு பக்கம். பாடம் யாருக்கும் விளங்கக்கூடிய பொதுவான ஒன்று. பக்கத்தில் புள்ளித்திட்டமும் இருந்தது. இருபது நிமிடம் தருகிறேன், திருத்துங்கோ என்றார்.

திருத்தினோம். விரிவுரையாளர்களுக்குத் திருத்தச் சொன்னால் விடுமுறையிலும் கை தானாக ஓடும். பிறகு ஒவ்வொரு மேசையாகப் புள்ளியைச் சொல்லச் சொன்னார். ஒரு மேசையில் 40க்குக் கீழே, தோல்வி. அடுத்த மேசையில் தாராளமாகச் சித்தி. ஒரே விடை, ஒரே புள்ளித்திட்டம். எங்களுக்கு விளங்கவில்லை. அப்போதுதான் சொன்னார்: பாதிக் கொப்பிகளின் மூலையில் பென்சிலால் ஒரு சின்னக் குறிப்பு இருந்தது, தகப்பன் இல்லை, ரிப்பீட், எங்கட சபை என்று. மற்றப் பாதியில் சுட்டெண் மட்டும். குறிப்பைப் பார்த்தவர்கள் எல்லாரும் கூட்டிப் போடவில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டு மேசைகள் கூட்டியிருந்தன, ஒரு மேசை, சபைப் பிள்ளை என்றால் கூடுதலாகக் கவனமாக இருக்கவேண்டும் என்று நினைத்து இறுக்கிக் குறைத்திருந்தது! அந்த மேசையில் இருந்தவர்கள்தான் கூட்டத்திலேயே பக்தியானவர்கள். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டவில்லை என்று நிரூபிக்க அந்தப் பிள்ளையின் புள்ளியைப் பறிப்பதும் கள்ளத் தராசுதான், தட்டு மற்றப் பக்கம் சரிகிறது, அவ்வளவுதான் என்றார். நீதிமொழிகளில் வருகிற அந்தத் தராசைச் சந்தை வியாபாரிகளோடு சேர்த்துத்தான் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், விடைத்தாளோடு சேர்த்து யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. போதகர் போன் எடுத்து, "தம்பி, எங்கட பிள்ளை ஒண்டு உங்கட பக்கல்ட்டியில இருக்குது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று சொன்னால் என்ன செய்வது? இது எல்லாருக்கும் நடந்திருக்கிறது, அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. மிஸ் சொன்னது: பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிற கதவால்தான் அந்தப் பிள்ளையும் வரவேண்டும். அலுவலக நேரத்தைக் கதவில் எழுதி ஒட்டுங்கள், அந்த நேரத்தில் உண்மையாகவே இருங்கள், போதகரிடம் அந்த நேரத்தைச் சொல்லுங்கள். கேட்டால் சின்ன விஷயம் மாதிரித்தான் தெரியும். கதவில் எழுதிய நேரத்துக்கு அறையில் இருக்கிற விரிவுரையாளர் எத்தனை பேர் என்று எங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

அழுதுகொண்டு வருகிற மாணவிக்கு ஜெபிக்கலாமா? இதில் அவர் இறுக்கமாக இருந்தார். பிள்ளை தானே கேட்டால், கதவு திறந்திருந்தால், பரீட்சை முடிவு வெளிவராத காலமாக இல்லாவிட்டால், சரி. கேட்காத பிள்ளைக்கு நீங்கள் வீட்டில் போய் ஜெபியுங்கோ, அதுக்கு ஆண்டவருக்குக் காது கேளாமல் போகாது என்றார். மாணவ ஆலோசகராக இருக்கிறவர்கள் இதை அச்சடித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு சுயாதீன சபை விரிவுரையாளர் எழும்பி, அப்படியென்றால் நற்செய்தி சொல்லவே கூடாதா என்று கொஞ்சம் சூடாகக் கேட்டார். நீங்கள் படிப்பிக்காத பிள்ளைகள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கினம் தம்பி, அவையளுக்குச் சொல்லுங்கோ என்றார். அவர் உட்கார்ந்துவிட்டார், முகம் இறங்கவில்லை. பிறகு டீ நேரத்தில் இரண்டு பேரும் நெடுநேரம் கதைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

ஆய்வுக் கட்டுரையில் மாணவனின் வேலைக்கு மேற்பார்வையாளர் தன் பெயரை முதலில் போடுவது பற்றியும் பேச்சு வந்தது. பேராசிரியர் பதவிக்கான புள்ளித்திட்டத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கணக்கு இருப்பதால் இது சும்மா பெருமைக்காக நடக்கிற விஷயம் இல்லை. களவு செய்யாதே என்பது கத்தோலிக்கருக்கு ஏழாவது கட்டளை, எங்களுக்கு எட்டாவது, எண்ணிக்கையில் சண்டை பிடிக்கலாம், கட்டளை இரண்டு பக்கத்திலும் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். புதிய மாணவர்களை மூத்தவர்கள் வதைக்கிற பகிடிவதை பற்றிப் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை, அது போதாது. 1998லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் கண்டும் காணாமல் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்துவிடுகிற விரிவுரையாளர்களில் நாங்களும் இருக்கிறோமா என்ற கேள்விக்கு ஒரு அமர்வே வைக்கலாம்.

அதிகம் கதை போனது வாணி விழாவில்தான். நவராத்திரி வந்தால் துறைக்குத் துறை வாணி விழா, கிறிஸ்தவர் துறைத்தலைவராக இருந்தால் குத்துவிளக்கு ஏற்றுவது யார்? கத்தோலிக்க விரிவுரையாளர்கள் இதில் பெரிதாகக் கலங்குவதில்லை, ஏற்றிவிட்டு வருவார்கள். சி.எஸ்.ஐ., மெதடிஸ்த ஆட்கள் வீட்டுக்கு வீடு வேறுபடுவோம். சுயாதீன சபையினர் பலர் அன்றைக்கு வருவதேயில்லை. மிஸ்ஸின் பதில் யாருக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை, அதனாலேயே எனக்குப் பிடித்தது. காசு சேர்க்கும்போது கொடுங்கள், கதிரை தூக்கும்போது தூக்குங்கள், நிகழ்ச்சிக்கு இருங்கள், அவலும் கடலையும் தந்தால் சாப்பிடுவதா விடுவதா என்பதை உங்கள் மனச்சாட்சியோடு பேசிக்கொள்ளுங்கள், பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இருக்கிறது. திருநீறு வேண்டாமென்றால் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். அன்றைக்கென்று வயிற்றுவலி என்று லீவு போடாதீர்கள். டிசம்பரில் எங்கள் ஒளிவிழாவுக்குக் கதிரை அடுக்குகிறது யார் என்று கேட்டார். எல்லாருக்கும் தெரியும், பெரும்பாலும் சைவப் பிள்ளைகள். சோடனையும் அவர்கள்தான், நத்தார் தாத்தா வேஷம்கூடச் சில வருஷம் அவர்கள்தான்.

இப்படி ஒரு அமர்வை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். காலை அமர்வுக்கு மூன்றரை.

மண்டபச் சுவரில் தனிநாயகம் அடிகளாரின் படம் ஒன்று மாட்டியிருந்தது, கீழே பிறந்த ஆண்டு 1913, இறந்த ஆண்டு 1980. அதோடு சரி. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், கரம்பனில் பிறந்த கத்தோலிக்கக் குரு. இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்திலும் படிப்பித்தார். 1952ல் தமிழ் ஆய்வுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு காலாண்டிதழைத் தொடங்கினார், 1964ல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்க முன்னின்றார், 1966ல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தினார். சங்கப் பாடலையும் குறளையும் பற்றி அவர் பேசியபோது இவர் சாமியார் ஆச்சே என்று யாரும் காதைப் பொத்தவில்லை. பேராசிரியராக விசுவாசத்தை வாழ்வது எப்படி என்று கேட்டால் எங்கள் தீவகத்திலேயே பதில் இருக்கிறது, அதை ஆணியில் தொங்கவிட்டுவிட்டு கொழும்பிலிருந்து அமெரிக்கப் பாடம் வரவழைக்கிறோம். நல்லூரில் இருந்துகொண்டு தமிழ்ச் சொற்களின் வேர் தேடிய கத்தோலிக்கக் குரு ஞானப்பிரகாசர் சுவாமியின் படமும் இல்லை. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவப் புத்தகங்களைத் தமிழாக்கிய அமெரிக்க மிஷனரி டொக்டர் கிறீனும் இல்லை. அவர் 1847ல் வந்தவர். விஞ்ஞானத்தைப் பிள்ளைகளின் மொழியில் கொடுப்பதே ஒரு ஊழியம் என்று காட்டிய மனிதர். ஆங்கில மூலம் என்ற பெயரில், முதலாம் வருஷப் பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே ஸ்லைடைத் தள்ளுகிற எங்களுக்கு அவரைப் பற்றி ஒரு மணித்தியாலம் தேவைதான்.

ஞாயிறு காலை ஒழுங்கை மெச்சத்தான் வேண்டும். கத்தோலிக்கர்கள் பக்கத்துக் கோயிலில் பூசைக்குப் போய்வர வாகனம் விட்டார்கள், மற்றவர்களுக்கு அங்கேயே ஆராதனை. எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒற்றுமை காட்டுகிறேன் என்று யாரையும் சங்கடப்படுத்தவில்லை. பிறகு காலைச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிட்டோம். யாக்கோபு நிருபம் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து, போதிக்கிறவர்களுக்குத் தீர்ப்பு கூடுதலாக இருக்கும் என்ற இடத்தில் ஒரு இளம் குருவானவர் அரை மணித்தியாலம் பேசினார். குறுக்கிச் சொன்னார், நன்றாகச் சொன்னார்.

சாப்பாடு எப்படி என்று கேட்பவர்களுக்கு: வெள்ளி இரவு இடியப்பமும் சொதியும் ஆறிப்போயிருந்தது. சனி மதியம் மட்டும் யாரோ வீட்டுக் கைப்பக்குவம், முருங்கைக்காய்க் கறி, விளைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, இரண்டாம் முறை போட்டுக்கொள்ளாத ஆள் இல்லை. மரக்கறிக்காரர்களுக்குப் பருப்பும் அப்பளமும்தான், தவக்காலத்தில் வைத்தால் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிளேன்ரீ எப்போது கேட்டாலும் கிடைத்தது. அறையில் நுளம்புவலை இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. கீழ்த்தட்டில் ஆறு பேருக்கு ஒரு குளியலறை, காலையில் வரிசையில் நின்றபோது பதவி மூப்புப்படி யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் மண்டபத்துக்கு மட்டும்.

இவை சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாத குறை ஒன்று: சின்னப் பிள்ளைகளோடு வருகிற பெண் விரிவுரையாளர்களுக்கு ஒரு ஏற்பாடும் இல்லை. ஒருவர் கைக்குழந்தையோடு வந்தார், சனி முழுக்க வெளி விறாந்தையில் நின்றுதான் கேட்டார், பின்னேரத்துக்குள் வீட்டுக்குப் போய்விட்டார். மிஸ்ஸின் அமர்வில் பாதியைத் தவறவிட்டார். ஒரு அறையும் இரண்டு பொறுப்பான அக்காமாரும் போதும். பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் காலத்திலேயே மேற்படிப்பும் பிள்ளையும் வகுப்பும் என்று ஓடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான், இந்த முகாம் யாருக்குக் கூடுதலாகத் தேவையோ அவர்களால் வர முடியாத மாதிரி அமைத்திருக்கிறார்கள்.

யார் போகலாம்? புதிதாக நியமனம் கிடைத்த விரிவுரையாளர்கள் கட்டாயம் போகலாம், முதல் விடைத்தாள் கட்டு கைக்கு வரும் முன் போனால் இன்னும் நல்லது. துறைத்தலைவராக இருக்கிறவர்கள் போகவேண்டும், ஆனால் அவர்கள்தான் வர மாட்டார்கள், கூட்டம் இருக்கும். ஜெபமும் பாட்டும் அமைதியும் தேடுகிறவர்களுக்கு இது சரி வராது, அதற்கு வேறு தியான இல்லங்கள் இருக்கின்றன. சைவ நண்பர் ஒருவர் நானும் வரலாமா என்று கேட்டார். விடைத்தாள் பகுதிக்கு அவரையும் விட்டிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டேன், அடுத்தமுறை யோசிக்கிறோம் என்றார்கள்.

6,500 ரூபாய் இன்றைய விலைவாசியில் இரண்டு இரவுக்கு அதிகமில்லை. தகுதிகாண் விரிவுரையாளர்களுக்குக் கேட்டால் குறைத்துத் தருகிறார்கள், கேட்கத்தான் வேண்டும், விண்ணப்பத்தில் அது இல்லை. பதிவு செய்யும்போது மேல்மாடி அறை கேளுங்கள், காற்று வரும், குளியலறைக்குச் சண்டையும் குறைவு. வெள்ளி இரவுக்குப் போகாமல் சனி காலையிலேயே போகலாமா என்றால் போகலாம், ஆனால் காசு குறைக்க மாட்டார்கள். அடுத்த முகாமின் நிகழ்ச்சி நிரல் வந்ததும் முதலில் பாருங்கள்: சனி காலை யாருக்கு, சனி பின்னேரம் யாருக்கு என்று. மிஸ்ஸின் பெயர் இல்லையென்றால் நான் போகமாட்டேன்.